நாற்பது லட்சம் என்று நான் சொன்னது பற்றி

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
23-1-2001, செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் அர்ஜுனன் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை மணியம்மாளின் கணவனும், கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய ராமதாஸ் கைகூப்பி எழுதிக்கொள்வது.

பொருள்: தங்களது கிணற்று நிலம் இரண்டு ஏக்கரை விற்காமல் இருக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. காணும் பொங்கலன்று தங்கள் வீட்டுப் பந்தியில் நான் வாய்மொழியாகத் தெரிவித்த தகவல். 2. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தாங்கள் என்னைத் திட்டியது.

அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் சௌக்கியம் இல்லை, அதை இந்தக் கடிதத்தில் சேர்க்கப்போவதில்லை. அங்கே தாங்களும் பாஞ்சாலை அக்காவும் தங்கள் மகள் இனியாவும் ஆடு மாடுகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பொங்கலுக்குக் கொடுத்தனுப்பிய பச்சரிசிக்கும் வேர்க்கடலைக்கும் நன்றி. மரியாதை எல்லாம் முடிந்தது. மச்சான், தயவுசெய்து வியாழக்கிழமை போளூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போகாதீர்கள்.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறான் இந்த மனுஷன் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் சொல்ல நான் முயற்சி செய்யாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தாங்கள், "நெலத்த வித்து மருமகன் வளவன் கம்பெனியில போடறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன் மாப்ளே" என்றீர்கள். நான், "மச்சான், அங்க போடற அளவுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "நாப்பது லட்சம் பொரள்ற எடத்துல ஒண்ணும் இல்லயா? நாங்க உள்ள வந்தா உங்களுக்குப் பங்கு கம்மியாயிடும்னு பாக்கறீங்களா?" என்றீர்கள். நான் நஷ்டம் என்றேன், தாங்கள் சிரித்தீர்கள். கடன் என்றேன், இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தீர்கள். பணக்காரன் கையில் ஒன்றுமில்லை என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள், நானே நம்பமாட்டேன். கடைசியில், "நெலம் நெலம்னு எத்தினி நாளிக்கு மாப்ளே? வைங்க போன" என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு எப்போது அடித்தாலும் இனியாதான் எடுக்கிறாள், "அப்பா கொல்லைக்குப் போயிருக்காரு மாமா" என்கிறாள். அந்தக் கொல்லை நிலத்தைத்தானே விற்க வேண்டாம் என்று சொல்ல வருகிறேன்.

வியாழக்கிழமை பத்திரம் என்பதே எனக்கு நேராகத் தெரியாது. வெள்ளிக்கிழமை குடியரசு தினம், ஆபீஸ் லீவு, அதனால் வியாழனே முடிக்கிறோம், தங்கச்சி கையெழுத்து இல்லாமல் ரைஸ்மில் சின்னசாமி வாங்கமாட்டேன் என்கிறான், வரச் சொல்லுங்கள் என்று மணியம்மாளுக்குச் செய்தி வந்தது. சின்னசாமி அந்தக் கிணற்றின் மேல் எத்தனை வருஷமாகக் கண் வைத்திருக்கிறான் என்று தாங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அவன் கேட்ட போதெல்லாம் மீசையை முறுக்கி அனுப்பிய தாங்கள், இப்போது நாலு லட்சத்துக்கு அவனுக்கே எழுதித் தருகிறீர்கள் என்றால், அதற்குக் காரணம் என் வாய். நான் மணியம்மாளிடம், போய்க் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிப் பார்த்தேன். "எங்கண்ணன் ஒரு கையெழுத்து கேட்டு நான் போடாம இருந்தா, அப்பறம் நான் பொறந்த வீட்டுப் பக்கம் போறதா வேணாமா?" என்று கேட்டுவிட்டு, பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் உலர்த்தப் போட்டுவிட்டாள். வீட்டுக்குள்ளேயே எனக்குக் கட்சி இல்லை, மச்சான்.

நடந்தது இதுதான். காணும் பொங்கலன்று பந்தியில் பாஞ்சாலை அக்காவின் தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் மகன் குவைத்தில் மாதம் முப்பதாயிரம் வாங்குகிறான் என்பதைச் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை சொன்னார். நானும் எத்தனை நேரம்தான் பொறுப்பேன்? என் மகன் வளவன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு காபிக்கடை மாடியில், கம்ப்யூட்டருக்குள் சந்தை வைத்திருக்கிறான் அல்லவா, மலைச்சந்தை டாட் காம் என்று. அதை ஊரில் எல்லோரும் வேலை கிடைக்காதவன் செய்கிற காரியம் என்றே பேசுகிறார்கள். வளவன் அதற்கு முந்தின வாரம்தான் என்னிடம், "அப்பா, இந்த வருஷம் நாப்பது லட்சம் தாண்டிட்டோம்பா" என்று சொல்லியிருந்தான். எனக்குத் தாங்கவில்லை. "எங்க வளவன் வருஷத்துக்கு நாப்பது லட்சம் பண்றான்" என்று சொல்லிவிட்டேன். பந்தியே நிமிர்ந்து பார்த்தது. அதுவரை எட்டிப் பார்க்காத வடை என் இலைக்கு இரண்டு முறை வந்தது. அந்த வடையைத் தின்ற பாவம் இப்போது தங்கள் நிலத்தைத் தின்கிறது.

ஊருக்குத் திரும்பி வந்தால், நான் வருவதற்குள் சேதி வந்து சேர்ந்திருக்கிறது. கீரைக்காரம்மா வழக்கமாகக் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையை நிறுத்திவிட்டு, "நாப்பது லட்சம் சம்பாரிக்கறவங்க ஒரு கொத்துக்குக் கை நீட்டறீங்களேம்மா" என்று மணியம்மாளைக் கேட்டாள். தெருப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகக் கமிட்டியில் ரசீதுப் புத்தகத்தோடு வந்து, என் பெயரை முதல் பெயராக எழுதி, தொகை எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, "நாங்க என்ன சார் சொல்றது, நீங்களே போட்டுக்குங்க" என்று பேனாவையும் கொடுத்தார்கள். வளவனின் மாடி அறைக்குச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். பல் வைத்தியரிடம் போனால், இருக்கிற பல்லை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுசு கட்டிக்கொள்ளலாமே சார், உங்களுக்கென்ன என்கிறார். சரி, உண்மையில் நாற்பது லட்சம் இருக்கிறவன் இதற்கெல்லாம் அஞ்சக்கூடாது என்று எண்ணி, பிள்ளையாருக்காவது கொஞ்சம் வாங்கிவருவோம் என்று சனிக்கிழமை செங்கம் ரோட்டு மாடிக்கு ஏறினேன்.

மாடியில் வளவனும், அவன் கூட்டாளி ரபீக்கும் இருந்தார்கள். ரபீக், தேரடி வீதியில் பித்தளைப் பாத்திரக்கடை வைத்திருக்கும் அப்துல் பாயின் மகன், கணக்கெல்லாம் அவன்தான். நான் போய், "டேய், அந்த நாப்பது லட்சத்துலேர்ந்து ஒரு பத்தாயிரம் எடுடா, பிள்ளையாருக்கு" என்றேன்.

"அது நம்ம பணம் இல்லப்பா" என்றான் வளவன்.

"பின்னே யாருதுடா?"

"வித்தவங்களுது. சிலை அடிக்கறவரு சிலைய விக்கறாரு, ஊதுபத்திக்காரங்க ஊதுபத்திய விக்கறாங்க, ரூம் வெச்சிருக்கறவங்க ரூமை விடறாங்க. நம்ம சந்தை வழியா எவ்ளோ விலைக்குச் சரக்கு போச்சோ, அதோட மொத்தம்தான் நாப்பது லட்சம். அதுக்குப் பேரு கிராஸ்பா. நூத்துக்குப் பத்து ரூபா நமக்குக் கமிஷன்."

நான் கணக்கர் அல்லவா, நாற்பதில் பத்தில் ஒன்று நாலு லட்சம், மோசமில்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்போது ரபீக் மெதுவாக, "சார், நாப்பதுங்கறது ஆர்டர் வந்த கணக்கு. திரும்பி வந்தது, வேணாம்னு சொன்னது எல்லாம் அதுலயே இருக்கு" என்றான்.

மச்சான், இந்த இடத்தைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். தீபத்தின்போது எங்கள் வீட்டுக்கு வந்தீர்களே, அப்போது ஹாலில் ஒரு கல் நந்தி இருந்ததே, முட்டி உயரம், தாங்கள்கூடத் தொட்டுக் கும்பிட்டீர்கள். அது சாமிக்காக வாங்கியது இல்லை. ஹைதராபாத்தில் ஒருவர் கம்ப்யூட்டரில் பார்த்து ஒன்பதாயிரத்துக்கு வாங்கினார், போட்டோவில் கறுப்பாகத் தெரிந்தது நேரில் சாம்பலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். பிறகு பம்பாய் போனது, லிப்டில் ஏறவில்லை என்று திரும்பி வந்தது. பிறகு கோயம்புத்தூர் போனது, மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, வாஸ்து சரியில்லை என்று திரும்பி வந்தது. மூன்று முறை விற்றதும் நாற்பது லட்சத்துக்குள் இருக்கிறது, நந்தி மட்டும் என் வீட்டில் இருக்கிறது. போகவர லாரிக் கூலி நம் செலவு. மணியம்மாள் அதற்குக் குங்குமம் வைத்துப் பிரதோஷ விளக்கும் ஏற்ற ஆரம்பித்துவிட்டாள், அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து காதில் வேண்டுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இனி அதை விற்கவும் முடியாது.

நந்தியாவது ஒன்று. ரூம் கதையைக் கேளுங்கள். தீபத்துக்கு ஆசிரமத்துப் பக்கம் ஒரு ரூம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும் அல்லவா. அதனால் வெளிநாட்டுக்காரர்கள், வடநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு ஜாக்கிரதைக்கு நாலு இடத்தில் சொல்லிவைத்துவிட்டு, கடைசியில் மூன்றை வேண்டாம் என்கிறார்கள். ஒரு ஜெர்மனி அம்மா நாலு இடத்திலும் சொல்லிவிட்டு, அடி அண்ணாமலையில் யாரோ பழகியவர் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். அவர் படுக்காத நாலு ரூமும் கணக்கில் இருக்கிறது. இப்படி வேண்டாம் ஆனதும் திரும்பி வந்ததுமாகப் பன்னிரண்டு லட்சம். மிச்சம் இருபத்தெட்டு. அதில் நூற்றுக்குப் பத்து, இரண்டு லட்சத்து எண்பதாயிரம். போன் பில், வாடகை, கூரியர், இரண்டு பேர் சம்பளம், நந்தியின் பிரயாணப் படி எல்லாம் சேர்ந்து மூன்றரை லட்சம். ஆக எழுபதாயிரம் நஷ்டம். நாற்பது லட்சம் என்று ஊருக்குச் சொன்ன மனுஷன் நான், நஷ்டத்தை ரபீக் வாயால் கேட்டபோது கீழே காபிக்கடையில் யாரோ வெள்ளைக்காரன் சிரித்தான். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்றே தோன்றியது.

"அப்பறம் எதுக்குடா அந்த நாப்பத சொன்னே?" என்று கத்தினேன். வளவன் கத்தவில்லை. "பொய் இல்லப்பா. சந்தை பெருசா சின்னதா, போன வருஷத்தவிட வளந்திருக்கா இல்லையான்னு பாக்க அது ஒண்ணுதான் அளவு. பெங்களூர்லேர்ந்து பணம் போட வந்தவங்க அத மட்டும்தான் கேட்டாங்க" என்றான். லாபம் எவ்வளவு என்று கேட்கவில்லையா என்றேன். "அத இப்ப கேக்கமாட்டாங்கப்பா, கேட்டா நம்பிக்கை இல்லாத மாதிரி ஆயிடும்" என்றான். இப்படி ஒரு மரியாதையை நான் சர்வீசில் எங்கும் பார்த்ததில்லை. சரி, அந்தப் பெங்களூர்க்காரர்கள் பணம் தந்தார்களா என்றால், ஆடி மாதம் கை குலுக்கிவிட்டுப் போனவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லையாம். அந்தத் தொழிலே எல்லா ஊரிலும் படுத்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து மணியம்மாளிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே, "இதுல இன்னா புதுசு? என்னப் பொண்ணு கேட்டு வந்தப்ப உங்கப்பா எங்க வீட்டுல இன்னா சொன்னாரு? 'எம் பையன் கையில மாசம் பத்து லட்சம் பொரளுது'ன்னு சொல்லல? எங்கண்ணன்கூட அன்னிக்கு அத நம்பித்தான் என்னக் குடுத்துச்சு" என்றாள். யோசித்துப் பார்த்தால் அப்பா சொன்னதும் பொய் இல்லை மச்சான். கருவூலத்தில் என் பேனா படாமல் அன்றைக்கு ஒரு சம்பளப் பட்டியலும் பாஸ் ஆகாது. எத்தனை வாத்தியார்கள், எத்தனை நர்சுகள், எத்தனை ரோடு, எத்தனை பாலம் என் கை வழியாகப் போயிருக்கின்றன. என் சம்பளம் மட்டும் முந்நூற்றுச் சொச்சம். ஆக, எங்கள் குடும்பத்துக்கு இந்தக் கிராஸ் வியாதி பரம்பரையாக இருக்கிறது, தங்கள் குடும்பம்தான் ஒவ்வொரு தலைமுறையும் அதில் வந்து விழுகிறது.

இன்னும் புரியவில்லை என்றால், தீபத்து மாட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்க. போன மாசந்தான் உங்க காளை ஜோடியை ஓட்டிவந்து பதினெட்டாயிரத்துக்குக் கொடுத்தீங்க. தரகர் கைமேல துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிச்சு விலை பேசினாரு. அன்னிக்கு அவர் அந்த மாதிரி பத்து ஜோடியாவது முடிச்சிருப்பாரு. 'இன்னிக்கு ரெண்டு லட்சத்துக்கு வித்தேன்'னு அவர் வீட்டுல போய்ச் சொன்னா அது பொய்யா? இல்லை. ஆனா டீக்குக் காசு உங்ககிட்டதானே கேட்டாரு? நம்ம வளவன் அந்தத் தரகர்தான், துண்டுக்குப் பதிலா கம்ப்யூட்டர். அந்தத் துண்டுல பங்கு வாங்கத்தான் நீங்க கிணத்தை விக்கறீங்க.

இந்தக் கடிதம் எழுதறது வளவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்கூடப் பேசமாட்டான். நேத்து சாப்பிடும்போது அவனைக் கேட்டேன், "மாமா பணத்த வாங்கிக்கப் போறியாடா?"ன்னு. தட்டையே பாத்துக்கிட்டு, "நானாப் போய்க் கேக்கலப்பா"ன்னான். குடுத்தா வாங்கிப்பியான்னேன். "இன்னும் ஒரு வருஷம் தாக்குப் பிடிச்சா நின்னுடும்பா"ன்னான். நிக்கலைன்னா என்னடான்னு கேட்டேன். மோரை ஊத்திக்கிட்டு எழுந்து போயிட்டான். அவன் கெட்ட பையன் இல்லை மச்சான், முழுகறவன் கைக்கு எது கிடைச்சாலும் பிடிக்கத்தான் செய்வான். உங்க நாலு லட்சம் வந்தா அவன் கடை ஒரு வருஷம் இருக்கும், வராட்டி பங்குனிக்குள்ள மூடிடுவான்னு ரபீக் தனியாச் சொன்னான். அப்படின்னா என் மகன் கடையை என் கையாலேயே மூடற கடிதம் இது. மூடட்டும். அவனுக்கு வயசு இருக்கு, பெங்களூர் இருக்கு. உங்களுக்கு அந்த ரெண்டு ஏக்கரைத் தவிர என்ன இருக்கு? இனியாவுக்குக் கல்யாணம் ஆகணும், உங்களுக்கும் அறுபது ஆகுது. ராத்திரி எல்லாம் இதே நினைப்பு.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பாத்து, வாலைத் தூக்கிப் பாத்து, நாலு அடி நடக்கவிட்டுப் பாக்கற ஆளு நீங்க. நாலு லட்சத்தை ஒரு கம்பெனியில போடறேன்னு சொல்ற நீங்க, பங்கு எவ்வளவு, எப்ப திரும்பி வரும், எழுத்து உண்டான்னு ஒரு கேள்விகூட என்னையோ வளவனையோ கேக்கலையே? அந்த அளவுக்கா ஆசை கண்ணை மறைக்கும்? என்மேல கோபம் இருந்தா திட்டுங்க. பந்தியில நாலு பேர் முன்னாடி 'என் மாப்ள வாயாடி, அவன் சொன்னது பொய்'னு சொல்லுங்க, நான் தலையைக் குனிஞ்சுக்கறேன். குவைத்துக்காரருக்கும் நானே கடிதம் போட்டுச் சொல்றேன். ஊர் முழுக்கச் சொல்லிட்டோமே, இப்ப எப்படி மாத்தறதுன்னு மட்டும் நினைக்காதீங்க. பழியை என்மேல போடுங்க, நிலத்தை வெச்சுக்குங்க.

மேற்கண்ட காரணங்களை முன்னிட்டு, வியாழக்கிழமைப் பத்திரப் பதிவை ரத்து செய்து, சின்னசாமியிடம் முன்பணம் ஏதும் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் செலவாகியிருந்தால் தெரிவிக்கவும், என் பென்ஷனில் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் லீவெல்லாம் கழித்து வரும் என்பதால், சாயந்திரம் தங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ் கண்டக்டர் தருமனிடம் நேரில் கொடுத்தனுப்புகிறேன். தங்கள் கையில் மட்டுமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாஞ்சாலை அக்காவுக்கு என் நமஸ்காரம். இனியாவுக்கு எங்கள் இருவரின் ஆசியும், படிப்பு முடிந்து நல்ல இடத்தில் அமைய வேண்டும் என்ற பிரார்த்தனையும். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இதை உறையில் இடுகிறேன். அண்ணாமலையார் தங்களுக்கு நல்ல புத்தியையும், எனக்கு வாய்க்கட்டையும் அருளட்டும்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
ராமதாஸ்.

பின்குறிப்பு: பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். வீட்டைப் பூட்டும்போது போன் அடித்தது. இனியாதான், உங்க வீட்டுலேர்ந்து இல்லை, போளூர் எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து. "மாமா, நெலத்த விக்காதீங்கன்னு அப்பாகிட்ட இனிமே சொல்லாதீங்க மாமா"ன்னு ஆரம்பிச்சா. எதுக்கும்மான்னு கேட்டேன். தண்ணிக்கு மூணு போர் போட்டீங்களாமே. மூணுலயும் வெறும் புழுதிதான் வந்துதாமே. கிணறு வத்தி ரெண்டு கோடை ஆச்சாமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மச்சான்.

நாலு லட்சங்கறது பத்திரத்துல எழுதற தொகைதானாம். சின்னசாமிகிட்ட வாங்கின கடனுக்கு வட்டியும் முதலும் கழிச்சு, சொசைட்டிக் கடன் கழிச்சு, போர் வண்டிக்காரனுக்குக் குடுத்தது போக, உங்க கைக்கு வர்றது ஒண்ணும் இல்லையாம். வளவன் கம்பெனியில போட ஒரு ரூபாகூடக் கிடையாதாம். "கடனுக்கு நெலம் போச்சுன்னு சொல்ல அப்பாவால முடியல மாமா. நீங்க அன்னிக்குப் பந்தியில சொன்னீங்க இல்ல, அதப் புடிச்சிக்கிட்டாரு. மருமகன் கம்பெனியில போடறேன்னு சொன்னதுலேர்ந்துதான் ரோட்டுல நிமிந்து நடக்கறாரு"ன்னு சொல்லி அழுதா. காளைகளை வித்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

மொத்தம் வேற, மிச்சம் வேறன்னு பக்கம் பக்கமா உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன். அது என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சு. கிழிச்சிப் போட்டுட்டுப் புதுசா எழுதலாம்னா தருமன் விசில் ஊதறாரு. உறை மேல 'கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கவும்'னு எழுதியிருக்கேன், அப்படியே படிச்சிருந்தா மத்த பக்கத்தை அடுப்புல போட்டுடுங்க. இனியாவைக் கோவிச்சுக்காதீங்க. மணியம்மாளுக்கு நான் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். என் வாயைப் பத்தி உங்களுக்குச் சந்தேகம் வரும், நியாயம்தான், ஆனா இதுல நம்புங்க. வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் வர்றோம். அவ பட்டுப் புடவை கட்டிக்கிட்டு வருவா. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல யார் என்ன கேட்டாலும் நீங்க பேச வேணாம், என்னைக் கைகாட்டுங்க, நான் சொல்லிக்கறேன்: எங்க வளவன் கம்பெனி வருஷத்துக்கு நாப்பது லட்சம், அதுல எங்க மச்சான் பங்குதாரர்.